தேற்றும் சொல்: கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களில் வீட்டு ஜெபங்களிலும், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அந்த நேரத்தில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து யோசித்துக் கண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன். கத்தோலிக்க வீடுகளில் உள்ள திருவிவிலியத்தில் சொற்கள் சற்று மாறியிருக்கும், பொருள் மாறாது.

ஊக்கமூட்டும் வார்த்தை என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது? அது பாராட்டுதானே?

பாராட்டு என்பது முடிந்த காரியத்தைப் பார்த்துச் சொல்வது. நல்ல மீன்பாட்டோடு கரைக்கு வந்தவனைப் பாராட்ட ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வெறும் மடியோடு வந்து, டீசல் கடனை எப்படி அடைப்பது என்று படகின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவனிடம் யார் போய் நிற்கிறார், நின்று என்ன சொல்கிறார் என்பதைப் பற்றித்தான் வேதம் பேசுகிறது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்குப் பெரும்பாலும் வழங்கும் சொல் 'பாராக்ளேசிஸ்' என்பதாகும். பக்கத்தில் வரும்படி அழைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் தூய ஆவியானவருக்கு வழங்கும் பெயரும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். பழைய மொழிபெயர்ப்பு அதைத் 'தேற்றரவாளன்' என்றது. திருவிவிலியம் 'துணையாளர்' என்றது. இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் இரண்டாவதையே எடுப்பேன், ஏனென்றால் துணை என்றால் என்னவென்று எங்கள் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும்: நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன படகுக்குக் கயிறு கொடுத்து, தன் தொழிலை அன்றைக்கு விட்டுவிட்டு, கரைவரை இழுத்து வரும் இன்னொரு படகுதான் துணை.

வேதத்தில் இதற்கு ஒரு மனிதரைக் காட்ட முடியுமா?

பர்னபாவைக் காட்டலாம். அவருடைய சொந்தப் பெயர் யோசே; சீப்புரு (சைப்ரஸ்) தீவைச் சேர்ந்தவர். இயேசுவின் முதன்மைச் சீஷரான அப்போஸ்தலர்தான் அவருக்கு 'ஆறுதலின் மகன்' என்று அர்த்தங்கொள்ளும் பர்னபா என்ற மறுபெயரை இட்டார்கள். நம் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று யோசித்துப் பார்த்தால், அந்த மனிதர் நாள் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்பது விளங்கும்.

விசுவாசிகளைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டிருந்த சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, அவரைச் சீஷர் ஒருவரும் நம்பவில்லை. அந்த அச்சத்தில் தவறொன்றும் இல்லை. பர்னபா ஒருவர்தான் அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துப்போய், வழியில் கர்த்தரைச் சவுல் கண்ட விதத்தை விவரித்தார். சவுலிடம் பர்னபா சொன்ன ஆறுதல் வார்த்தை ஒன்றைக்கூட, இதை எழுதிய லூக்கா எழுதவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சவுலைப் பற்றிப் பிறரிடம் பேசியதே அவர் தந்த ஊக்கமாக இருந்தது. ஒருவரின் முகத்துக்கு முன் இனிமையாகப் பேசுவது எளிது. அவர் இல்லாத இடத்தில், அவரை நம்பாத கூட்டத்தின் நடுவில், நம் பெயரைப் பணயம் வைத்து அவருக்காகப் பேசுவது அரிது.

பின்னாளில் அதே சவுல், பவுலாகிய பிறகு, வழியில் ஊழியத்தை விட்டுப் பிரிந்துபோன மாற்கு என்ற இளைஞனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று மறுத்தார். பர்னபாவோ அவனை விடவில்லை. இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தே போனார்கள். பவுல் தம் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் பார்த்தால் பர்னபாவின் பிடிவாதம் வீண்போகவில்லை என்று தெரிகிறது: மாற்குவை அழைத்து வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லலாமா?

சரியாகும் என்று நமக்குத் தெரிந்தால் சொல்லலாம். தெரியாமல் சொன்னால் அது நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லும் வார்த்தையே தவிர, எதிரே இருப்பவருக்கானது அன்று.

இந்தக் கேள்விக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை விட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கைதியாகப் பவுலைக் கொண்டுபோன கப்பல் புயலில் சிக்கிய கதை அது. அந்த அதிகாரத்தை எங்கள் கரையில் வாசிக்கும்போது விளக்கமே தேவைப்படுவதில்லை. 'யூரோக்கிலிதோன்' என்னும் கடுங்காற்று வடகிழக்கிலிருந்து மோதியது என்றால், வாடைக்காலத்துக் கடலைக் கண்டவர்கள் தலையசைக்கிறார்கள். மாலுமிகள் ஆழம் பார்க்கும் கயிறாகிய விழுதை விட்டு இருபது பாகம் என்றும், சற்றுத் தூரம் போய்ப் பதினைந்து பாகம் என்றும் ஆழம் கண்டார்கள் என்று வரும் இடத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "கரை நெருங்குது, பாறை இருக்கும், நங்கூரத்தைப் போடணும்" என்று எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். அடுத்த வசனத்தில் அப்படியே நான்கு நங்கூரங்களைப் போடுகிறார்கள். ஆழத்தைப் பாகத்தில் அளக்கும் வழக்கம் இங்கே இன்றும் இருப்பதால், அவருக்கு அது பழங்கதையாகத் தோன்றவில்லை.

அந்தக் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். பல நாளாகச் சூரியனும் நட்சத்திரங்களும் காணப்படாமல், பிழைப்போம் என்ற நம்பிக்கை முற்றிலும் அற்றுப்போயிற்று. அங்கே கைதியாக இருந்த பவுல் எழுந்து நின்று, "திடமனதாயிருங்கள்" என்கிறார். உடனே சொல்வது இது: "கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது." கப்பல் போய்விடும் என்று அவர் மறைக்கவில்லை. உயிர் தப்பும் என்று அவர் சொன்னதும், அன்று இரவு தேவதூதன் வழியாகத் தமக்குச் சொல்லப்பட்டதை வைத்துத்தான். தம் விருப்பத்தை வாக்குறுதியாக்கிச் சொல்லவில்லை. அதே நேரத்தில் மாலுமிகள் சிலர் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து படகில் தப்பப் பார்த்ததை, காவலுக்கு வந்த படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதியிடம் எச்சரித்து, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்க மாட்டீர்கள் என்று கறாராகவும் சொல்கிறார். நம்பிக்கையும் எச்சரிக்கையும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

பதினான்காம் நாள் விடியும் வேளையில், ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தவர்களை உண்ணச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டு, முதலில் தாமே உண்ணத் தொடங்கினார். "அப்பொழுது எல்லாரும் திடமனப்பட்டுப் புசித்தார்கள்" என்கிறது வேதம். பேசியபோது அல்ல, அவர் உண்ணத் தொடங்கிய பிறகே அவர்கள் திடன்கொண்டதாக லூக்கா எழுதியிருப்பதை நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் என்ன பேசுவது?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதுதான் கொடுமை. படகு கவிழ்ந்ததாகச் செய்தி வந்து ஆள் கிடைக்காத வீடும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவரின் வீடும், துக்கம் என்றும் சொல்ல முடியாமல் நம்பிக்கை என்றும் சொல்ல முடியாமல் வாசற்படியிலேயே நிற்கும் வீடுகள்.

நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வீட்டுக்குப் போய், அந்தப் பெண்மணியிடம், "தைரியமா இருங்க அக்கா, கடவுள் இதுல ஒரு திட்டம் வச்சிருப்பாரு" என்றேன். அவர் அழவில்லை. "அப்படியா தம்பி, அந்தத் திட்டத்துல என் மூணு புள்ளைகளுக்கு நாளைக்கு யாரு சோறு போடுறா?" என்று கேட்டார். நான் வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இருவர், ஈரச் சேலையோடு கடலிலிருந்து நேராக அங்கே வந்தார்கள். ஒருவர் ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனார். மற்றவர் அடுப்பில் கஞ்சியை ஏற்றிவிட்டு, கடைசிப் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுத் தலையில் பேன் பார்க்கத் தொடங்கினார். இரவு ஆனதும், "நான் இங்கயே படுத்துக்கிறேன் மதினி, நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க" என்றார். அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட தேற்றும் சொல் அது ஒன்றுதான்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களைப் பற்றி நாம் குறையாகவே பேசுகிறோம். அவர்கள் வந்தவுடன் செய்தது சரியான செயல்: அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல், அவரோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனது. கடைசியில் யோபு அவர்களைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார். தூய ஆவியானவருக்கு வழங்கும் அதே சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு இங்கே வசையாகப் பயன்படுத்தியிருப்பது, வேத வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போகும் என்னைப் போன்றவர்கள் நினைவில் வைக்கவேண்டியது.

மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கின்றன என்று நீதிமொழிகள் சொல்கிறதே. நல்லதையே வாயால் அறிக்கையிட்டால் அது நடந்துவிடும் அல்லவா?

அந்த வசனம் மந்திரத்தைப் பற்றியது அன்று. நம் பேச்சு அடுத்தவரை வாழவைக்கவும் சாகடிக்கவும் வல்லது என்ற எச்சரிக்கை அது. "இன்று எனக்கு நிறைய மீன் படும்" என்று நூறு முறை சொல்வதால் மீன் படாது. படாதபோது, விசுவாசம் குறைவு என்ற பழியும் அந்த ஏழையின் தலையிலேயே விழும்.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?

கண்டிக்கலாம். எபிரெயர் 3:13இல் "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்று வருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 5:11இல் "ஒருவரையொருவர் தேற்றி" என்று வருகிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினைச்சொல். புத்தி சொல்வதையும் தேற்றுவதையும் மூலமொழி பிரித்துப் பார்க்கவில்லை. குடியில் விழுந்துகொண்டிருக்கும் நண்பனிடம் "நீ நல்லவன்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர் அவனுக்கு ஊக்கம் தரவில்லை. கடிந்துகொண்ட பிறகு அவனோடு கூடவே இருப்போமா, அல்லது சொல்லிவிட்டோம் என்று கை கழுவிவிட்டுப் போய்விடுவோமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

தேர்வில் தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

"நீ கடலுக்குத்தான் லாயக்கு" என்று திட்டும் வழக்கத்தை முதலில் விடவேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில் பிள்ளையையும் தாழ்த்துகிறோம், நமக்குச் சோறு போட்ட தொழிலையும் தாழ்த்துகிறோம். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் நிருபம் தகப்பன்மாரைப் பார்த்தே சொல்கிறது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே எல்லாரும் அறிந்த சாட்சி உண்டு. 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படிக்க வந்தபோது வீட்டை நினைத்து ஏங்கிய சிறுவனாக இருந்தார். அங்கே ஆசிரியராக இருந்த அய்யாதுரை சாலமோன் அவருக்குத் தந்த ஊக்கத்தைக் கலாம் தம் வாழ்க்கைக் கதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார். வாழ்க்கையில் வெற்றி பெற ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்று ஆற்றல்களையும் புரிந்துகொண்டு வசப்படுத்த வேண்டும் என்று அவர் சொல்வாராம். படிப்பு வசதி பெறாத பெற்றோரின் மகனான தம்மாலும் விரும்பியதை அடைய முடியும் என்று நம்பவைத்தவர் அவரே என்கிறார் கலாம். கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் இஸ்லாமியச் சிறுவனுக்குச் சொன்ன வார்த்தை அது; மதம் மாற்றவோ தம் புகழுக்கோ சொன்னதன்று. அது வெறும் "நன்றாக வருவாய்" என்ற வாழ்த்தாகவும் நிற்கவில்லை. சிறுவன் தானே செய்யவேண்டிய வேலை அதற்குள் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக்குள் சண்டை வருகிறது. கணவன் மனைவிக்குள் என்ன பேசுவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது. வருமானம் நின்ற வீட்டில் வார்த்தை தடிப்பது இயல்பு. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்ற எபேசியர் 4:29 வசனத்தை நீளமாக விளக்கத் தேவையில்லை. அதன் பின்பாதியில், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனம் உண்டாகும்படி பேசுங்கள் என்று இருக்கிறது. இந்த இரண்டு மாதமும் பல வீடுகளில் அடுப்பு எரிவது மனைவி பாசி எடுத்தும் கருவாடு விற்றும் கொண்டுவரும் காசில்தான். அதை வாய்திறந்து ஒருமுறை, பிள்ளைகளின் காதில் விழும்படி, கணவர் சொல்வது மிகுந்த பிரயோஜனமாக இருக்கும். எங்கள் ஆண்களுக்கு இது ஏனோ கடும்புயலில் படகோட்டுவதை விடக் கடினமாக இருக்கிறது.

பிற சமயத்தாரைத் தேற்றும்போது வேத வசனம் சொல்லலாமா?

அவர் கேட்டால் சொல்லலாம். கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ ஒரு துக்க வீட்டுக்குப் போனால், அந்த வீட்டு வழக்கப்படி உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருப்பதே முதற்பணி. பவுலோடு கப்பலில் இருந்த சேவகரும் மாலுமிகளும் பெரும்பாலும் அவருடைய தேவனை அறியாதவர்கள். அவர் தம் தேவனை மறைக்கவுமில்லை, அவர்களிடம் திணிக்கவுமில்லை. எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்லிவிட்டு உணவைப் பற்றிப் பேசினார்.

சாக வேண்டும் என்று சொல்பவரிடம் ஜெபம் மட்டும் போதுமா?

போதாது. எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று அதட்டவுமில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தந்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். உடலைப் பேணுவது அங்கே தேற்றுதலின் பகுதியாகவே இருக்கிறது. இன்று மருத்துவரிடம் அழைத்துப்போவதும் அப்படித்தான். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. நீங்களே எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

எப்போதும் பிறரைத் தேற்றுகிறவர் சோர்ந்துபோனால் அவருக்கு யார்?

சவுல் ராஜாவுக்குப் பயந்து (இவர் பழைய ஏற்பாட்டுச் சவுல், பவுல் அல்ல) காட்டில் ஒளிந்திருந்த தாவீதைத் தேடி அவருடைய நண்பர் யோனத்தான் போனார். தேவனுக்குள் அவர் கையைத் திடப்படுத்தினார் என்று முதலாம் சாமுவேல் 23 சொல்கிறது. பின்னொரு நாளில் யோனத்தானும் அருகில் இல்லை, கூட இருந்தவர்களே கல்லெறியப் பேசினார்கள். அன்று தாவீது கர்த்தருக்குள்ளே தம்மைத் தாமே திடப்படுத்திக்கொண்டார். இரண்டும் வேண்டும், ஆனால் முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவது எளிதாக வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஓரியூருக்குப் போகிறவர்கள் அங்குள்ள செம்மண்ணை எடுத்து வருகிறார்கள். அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்னும் இயேசு சபைக் குரு, முந்தின நாள் சிறையிலிருந்து தம் சபைத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சாகப்போகிறவர், வெளியே இருந்தவர்கள் கலங்கவேண்டாம் என்று தம் மகிழ்ச்சியைச் சொல்லி எழுதியிருக்கிறார். அவரைத் தேற்றவேண்டியவர்களை அவரே தேற்றியது வியப்பாக இருந்தாலும், அதை எல்லாருக்கும் அளவுகோலாக வைத்து, சோர்ந்திருக்கும் பங்குத்தந்தையையோ பாஸ்டரையோ உபதேசியாரையோ விசாரிக்காமல் விடுவது நியாயம் ஆகாது. ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்கு நல்ல மீன் குழம்போடு போய், ஒரு விண்ணப்பமும் வைக்காமல் திரும்பி வாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பினால் போதாதா?

காலையில் இருநூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகும் பூப்படம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எழுத்தைக் குறைவாகவும் எண்ண முடியாது. பவுலின் நிருபங்கள் எழுத்தால் வந்த தேற்றுதல்தானே. யோவான் தம் இரண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, எழுதவேண்டியவை அநேகமுண்டு, காகிதத்தாலும் மையாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேசலாம் என்று நம்புகிறேன் என்கிறார். போக முடிந்தால் போகவேண்டும். போக முடியாத இடத்துக்கு எழுதலாம், ஆனால் அந்த ஒருவருக்கென்று எழுதவேண்டும்.

யாழ்ப்பாணச் சிறையிலிருந்து திரும்பி வந்த மீனவர் ஒருவரிடம், உள்ளே இருந்தபோது கிடைத்த வார்த்தைகளில் எது உங்களைத் தாங்கியது என்று கேட்டேன். ஏதாவது சங்கீதத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தம்பி மகன் எழுதி அனுப்பிய கடிதத்தில் இருந்த ஒரு வரியைத்தான் அவர் மனப்பாடமாகச் சொன்னார்: "பெரியப்பா, உங்க வலையை வெயில் படாம உள்ள எடுத்து வச்சிட்டோம், கிழிஞ்ச இடத்தை நானும் சின்னவனும் பொத்திக்கிட்டு இருக்கோம்."